ஒரு நாள் குஞ்சா, ஒரு மாதக் குஞ்சா, அடைக்கோழியா?

நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது ரகத்தைப் பற்றித்தான். சிறுவிடை வாங்கலாமா, அசில் வாங்கலாமா, வனராஜா தாங்குமா, கருங்கோழிக்கு விலை கிடைக்குமா? அதையெல்லாம் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோழி எந்த வயதில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குஞ்சுச் சாவு பெரும்பாலும் அந்த ஒரு முடிவில்தான் கூடும், அல்லது குறையும்.

வழிகள் மூன்று. பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சாக எடுத்து, பல்பு போட்டு நாமே வளர்க்கலாம். யாரோ ஒருவர் நான்கு வாரம் வளர்த்துத் தரும் ஒரு மாதக் குஞ்சை வாங்கலாம். அல்லது முட்டையை அடை வைத்து, பொரிப்பதையும் வளர்ப்பதையும் தாய்க்கோழியிடம் விட்டுவிடலாம். சேலத்தில் மூன்றுமே எளிது. பொரிப்பகங்கள் நிறைந்த நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது, ஒரு மாதக் குஞ்சு விற்கும் சிறு பண்ணைகள் ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் பக்கமெல்லாம் உண்டு, அடைக்கோழி எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். எளிதாகக் கிடைப்பதுதான் சிக்கல். யோசிக்காமல் வாங்கிவிடுகிறோம்.

குஞ்சு எப்போது, எதனால் சாகிறது

"அண்ணா, நேத்து நல்லா ஓடிட்டு இருந்துச்சு, காலையில பாத்தா நாலு செத்துக் கெடக்குது, என்ன மருந்து வாங்கலாம்?" புதிதாக வளர்ப்பவர்கள் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். குஞ்சு விஷயத்தில் செத்த நாள் வேறு, சாவுக்கான காரணம் நடந்த நாள் வேறு. முதல் இரவில் குளிர் பட்ட குஞ்சு அன்றைக்கே சாகாது. தண்ணீர் குடிக்கப் போகாது, தீவனம் பொறுக்காது, ஓரமாகச் சுருண்டு நிற்கும். வயிற்றுக்குள் பிறவியில் வந்த மஞ்சள் கரு சரியாகக் கரையாது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ விழும். வளர்ப்பவர் அதை நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடுவார்.

முதல் பத்து நாள் சாவுகளில் பெரும்பங்கு குளிர், சூடு, தாகம், நெரிசல் ஆகிய நான்கில் அடங்கிவிடும். மிச்சம் தொப்புள் வழியாகக் கிருமி ஏறிய குஞ்சுகள். அவற்றின் வயிறு உப்பியிருக்கும், தொப்புள் ஈரமாகக் கருத்திருக்கும், கெட்ட வாடை வரும். அது பொரிப்பகத்தின் சுத்தக்குறைவு, நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. முதல் வாரத்திலேயே வெள்ளையாகக் கழிந்து, பின்புறம் ஒட்டிப்போய், வரிசையாகச் சாகிறது என்றால் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வந்த சால்மோனெல்லா கிருமியாகவும் இருக்கலாம். செத்த குஞ்சை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆனால் வெறுமனே எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பது குளிராலும் பயண அலுப்பாலும் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டால் பிழைக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை ரத்தக் கழிச்சல். ஈரமான தரையில்தான் இது பெருகும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் எந்த வயதிலும் வரும், வந்தால் கூண்டோடு போகும்.

ஆக, நீங்கள் வாங்கும் வயதைப் பொறுத்து இந்தப் பட்டியலின் எந்தப் பகுதி உங்கள் தலையில் விழுகிறது என்பது மாறுகிறது. ஒரு நாள் குஞ்சு வாங்கினால் முழுப் பட்டியலும் உங்களுடையது. ஒரு மாதக் குஞ்சு வாங்கினால் முதல் பாதியை இன்னொருவர் சுமந்து முடித்திருப்பார், அதற்குத்தான் கூடுதல் விலை. அடைக்கோழி குளிரையும் நெரிசலையும் பார்த்துக்கொள்ளும். காக்காயையும் கீரியையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் குஞ்சு

முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது பழகிப்போன கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட், 100 குஞ்சுக்கு 200 வாட். இது குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. கடையில் குண்டு பல்பு குறைந்துவிட்டதால் சிலர் எல்இடியை மாட்டிவிட்டு, விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பு வாங்குங்கள். குஞ்சு குறைவாக இருந்தால் அதை உயர்த்திக் கட்டினால் போதும்.

தகரமோ கனமான அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்து நிறுத்த வேண்டும். வட்டம் முக்கியம். மூலை இருந்தால் குளிரில் எல்லாம் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி அல்லது கடலைத்தோல், அதன்மேல் முதல் இரண்டு மூன்று நாளைக்குச் செய்தித்தாள். வழவழப்பான பளபளத் தாள் வேண்டாம், கால் வழுக்கி அகன்றுவிடும். குஞ்சு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமியையும் சூடாக்கி வையுங்கள். காற்று சூடாக இருந்து தரை சில்லென்று இருந்தால் பயனில்லை.

வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கீச்கீச்சென்று கத்தினால் குளிர். தகரத்தை ஒட்டி ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுக்கப் பரவி, சிலது தின்று, சிலது படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. இதை மாலை ஆறு மணிக்குப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியது இரவு இரண்டு மணிக்கும் விடியற்காலை நாலரைக்கும். எழுந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஒரு நாள் குஞ்சு உங்களுக்கானதல்ல. இதை நயமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பெட்டியிலிருந்து இறக்கியதும் முதலில் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற வைத்தது. கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கலக்கலாம், முதல் சில மணி நேரத்துக்கு மட்டும். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கை ஒரு முறை தண்ணீரில் தொட்டு எடுத்து விடுங்கள், ஒன்று குடித்தால் மற்றது பார்த்துப் பழகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் விழுந்து மூழ்காது. பிறகு தாள்மேல் மக்காச்சோளக் குருணை, அதன்பின் குஞ்சுத் தீவனம். மறுநாள் காலையில் பத்துப் பதினைந்து குஞ்சைப் பிடித்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. காலியாக இருந்தால் ஐந்தாம் நாள் சாகப்போவது அதுதான். அதைத் தனியாக எடுத்துச் சூடும் தண்ணீரும் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

சேலம் சமவெளிக்கும் ஏற்காட்டுக்கும் இங்கே கணக்கு பிரிகிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். சித்திரை வெயிலில் சேலத்தில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேலே. பகலில் பல்பே தேவைப்படாது. இரண்டு வாட் கணக்கைப் பிடித்துக்கொண்டு நண்பகலிலும் பல்பை எரியவிட்டால் குஞ்சு வெந்துவிடும். கூரைமேல் தென்னங்கீற்றைப் போட்டு, பகலில் அணைத்து, இரவில் மட்டும் போட்டால் போதும். சேர்வராயன் மலையிலோ மார்கழி இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். 35 டிகிரிக்கு ஏற்ற இருபது டிகிரி இடைவெளியை நிரப்ப வேண்டும். இரண்டு வாட் அங்கே போதாது, இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் சமவெளியில் பல்பை நிறுத்திவிடலாம், மலையில் ஐந்து வாரம் வரைகூட இரவுக்குத் தேவைப்படும்.

மலையில் இன்னொரு தொல்லை ஈரம். பனிமூட்டம் உள்ளே வராமல் இருக்கச் சாக்கைக் கட்டி நாலு பக்கமும் அடைத்துவிடுவார்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே தங்கும். குனிந்து குஞ்சின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் அதன் நுரையீரலும் எரிகிறது. கீழே அடைத்து மேலே ஓரடி திறந்து விடுங்கள். ஈரமான உமி, மரத்தூள் எதுவானாலும் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணத் தூளை இழுத்தால் மூச்சுத் திணறியே குஞ்சு சாகும். வெயிலில் காய வைக்காத எதையும் தரையில் கொட்டாதீர்கள்.

மின்சாரம் போகிற ஊர் என்றால் மாற்று ஏற்பாடு கட்டாயம். கரி அடுப்பு பழைய முறை. மண்சட்டியில் கங்கு போட்டு மேலே ஓட்டைப் பானை கவிழ்த்து வைப்பார்கள். மலிவுதான், ஆனால் மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும். காற்றோட்டம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். கேஸில் எரியும் சூடேற்றியான கேஸ் புரூடர் ஐந்நூறு, ஆயிரம் என்று வளர்ப்பவர்களுக்கு. 50 குஞ்சுக்காரர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஒரு இன்வெர்ட்டர் இணைப்பு போதும்.

காசுக் கணக்கு

விலை மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் குஞ்சு 40 ரூபாய், ஒரு மாதக் குஞ்சு 100 ரூபாய், தீவனம் கிலோ 45 ரூபாய். நான்கு வாரத்துக்குக் குஞ்சு ஒன்றுக்குச் சுமார் அரை கிலோ தீவனம் ஆகும். மின்சாரம், உமி, தடுப்பூசி, பல்பு எல்லாம் சேர்த்து 800.

100 குஞ்சு எடுத்து 5 செத்தால், மிஞ்சும் 95-இல் ஒவ்வொன்றின் அடக்க விலை சுமார் 73 ரூபாய். 20 செத்தால் 82 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 40 செத்தால் 102 ரூபாய், அதாவது ஒரு மாதக் குஞ்சின் விலையைத் தாண்டிவிட்டீர்கள். நூறு எடுத்தால் ஓரளவு சாவு விழுந்தாலும் ஒரு நாள் குஞ்சு லாபம்தான்.

இதையே 20 குஞ்சுக்குப் போடுங்கள். பல்பு, தடுப்பூசிக் குப்பி, உமி, தகரம் இவையெல்லாம் ஐந்தில் ஒன்றாகக் குறையாது. 500 ரூபாயாவது ஆகும். இரண்டே இரண்டு செத்தாலும் மிஞ்சும் 18-இன் அடக்க விலை 95 ரூபாய்க்கு வந்துவிடும். ஐந்து ரூபாய் மிச்சத்துக்கு மூன்று வாரத் தூக்கத்தை விற்க வேண்டியிருக்கும். இருபது, முப்பது என்று தொடங்குகிறவர் ஒரு நாள் குஞ்சை எடுப்பது ஆசையால்தானே தவிரக் கணக்கால் அல்ல.

ஒரு மாதக் குஞ்சு

ஏழைப் பெண்களுக்கான நாட்டுக்கோழித் திட்டத்தில் மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறை கொடுப்பதும் நான்கு வாரக் குஞ்சுகளைத்தான். புறக்கடையில், தனிக் கொட்டகை இல்லாமல் வளர்ப்பவருக்கு அந்த வயது பொருந்தும் என்பது என் கட்சியும்.

இதிலும் ஏமாற இடம் உண்டு. விற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என்னென்ன தடுப்பூசி, எந்தத் தேதியில் போட்டீர்கள்? பல்பை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது? முதல் கேள்விக்கு "எல்லாம் போட்டாச்சு" என்று மட்டும் பதில் வந்தால் ஒன்றும் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வி பலர் கேட்பதே இல்லை. நேற்றுவரை பல்புக்கடியில் இருந்த குஞ்சை இன்றைக்குத் திறந்த கூண்டில் விட்டால் முதல் இரவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஒரு வாரமாவது வெப்பமில்லாமல் இருந்து பழகியிருக்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அடிவாரத்தில் வெயிலில் வளர்ந்த குஞ்சை டூவீலரில் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் எதிர்க்காற்றில் ஏறினால், மேலே போய்ச் சேரும்போது அது வேறொரு காலநிலைக்கு வந்திருக்கும். காலை பத்து மணிக்கு மேல் ஏற்றுங்கள், பெட்டியின் முன்பக்கத்தை மூடுங்கள். முதல் ஒரு வாரம் இரவில் பல்பு போடுங்கள், வயது ஒரு மாதம் ஆனாலும்.

சந்தையில் கூடைக்காரரிடம் வாங்குவதை மட்டும் ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில் மூச்சு விடும் இடம் அது. எங்கிருந்து வாங்கினாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கோழியோடு இரண்டு வாரம் சேர்க்காதீர்கள்.

அடைக்கோழி

ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அணைத்துக்கொள்ளாது. 21 நாளில் பொரிக்கும். வெப்பம், ஈரப்பதம், முட்டையைத் திருப்புவது, குஞ்சுக்குத் தீனி காட்டுவது எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும். இரவு இரண்டு மணிக்கு யாரும் எழ வேண்டாம். ஐந்து பத்துக் கோழியோடு நிறுத்திக்கொள்பவருக்கும், மின்சாரத்தை நம்ப முடியாத மலைக் கிராமங்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. கோடையில் சமவெளியில் நாலைந்து நாளே அதிகம். அடைக் கூடையில் மணலோடு சாம்பல் கலந்து வையுங்கள், இல்லாவிட்டால் கோழியிடமிருந்து செள்ளு குஞ்சுக்கு ஏறும்.

இந்த வழியில் குஞ்சைக் கொல்வது வெளி உலகம். பொரித்த மூன்றாம் நாளே தாய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். காக்கா, பருந்து, பூனை, கீரி எல்லாம் வரிசையில் நிற்கும். ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஈரப் புல்லும் சேர்ந்துகொள்ளும். காலைப் பனியில் நனைந்த குஞ்சு மத்தியானம் வரை காயாது. முதல் மூன்று வாரம் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்திலோ வலைக் கூண்டிலோ அடையுங்கள், வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு கொஞ்ச நேரம் உங்கள் கண் முன்னால் விடுங்கள். சாவு பாதிக்கு மேல் நிற்பதைக் காண்பீர்கள்.

குறை ஒன்று. குஞ்சோடு திரியும் வரை கோழி முட்டை இடாது, இரண்டு மாதம் போய்விடும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சைப் பிரித்தால் சீக்கிரம் முட்டைக்கு வரும். இரண்டு மூன்று கோழியை ஒரே நாளில் அடை வைத்து, பொரித்த இரவில் குஞ்சுகளை இடம் மாற்றி ஒரே கோழிக்குக் கீழே நழுவ விட்டால், மற்றக் கோழிகள் முன்பே விடுபடும். இருட்டில் செய்ய வேண்டும், பகலில் கொத்தி விரட்டும்.

தடுப்பூசி எல்லோருக்கும் உண்டு

ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் ராணிக்கெட்டுக்கு லசோட்டா அல்லது எஃப்1 சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ. 14-ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. நான்காவது வாரம் மீண்டும் லசோட்டா. ஆறு வாரம் வாக்கில் அம்மைத் தடுப்பூசி, எட்டாவது வாரம் ராணிக்கெட்டுக்கு இறக்கையின் தோலடியில் ஊசி. அடைக்கோழிக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், காரணம் சோம்பல் இல்லை. பன்னிரண்டு குஞ்சுக்கு 100 டோஸ் குப்பியை உடைக்க மனம் வராது. உடைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் போட முடியாது. தெருவில் நாலைந்து வீடு பேசி ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரு குப்பி எல்லோருக்கும் ஆகும். கடையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். சட்டைப் பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

ஆன்டிபயாடிக்கை முதல் நாளிலிருந்தே தண்ணீரில் கலக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கொடுத்துவந்த கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை செய்தது. மருத்துவர் பார்க்காமல் எதையும் கலக்காதீர்கள். சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் ராணிக்கெட்டை அது நிறுத்தாது.

யார் எதை எடுப்பது

இருபது முப்பதில் தொடங்கும் சேலம் நகர்ப்புறக்காரர், பகலில் வேலைக்குப் போகிறவர், ஒரு மாதக் குஞ்சு வாங்குங்கள். தோட்டத்தில் வீடு, ஏற்கெனவே இரண்டு மூன்று கோழி திரிகிறது என்றால் அடை வையுங்கள், வலைக் கூண்டுக்குச் செலவழியுங்கள். நூறுக்கு மேல் வளர்த்து விற்பதாகத் திட்டம் இருந்தால் ஒரு நாள் குஞ்சுதான் கட்டும். ஆனால் முதல் தொகுதியை 50-ஓடு நிறுத்தி, இரவுக் காவலைப் பழகிக்கொண்டு பிறகு ஏறுங்கள். சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் பெட்டி வாங்கும் முன் ஒரு நாள் போய்க் கேட்டு வருவது வீண் போகாது.

மாதத்தையும் பாருங்கள். சமவெளியில் தை, மாசி நல்ல காலம். குளிர் விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரை, வைகாசியில் ஒரு நாள் குஞ்சு எடுத்தால் வழியிலேயே சூடு தின்றுவிடும், எடுத்தே ஆக வேண்டுமென்றால் விடியற்காலையில் கொண்டு வந்துவிடுங்கள். ஏற்காட்டில் மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைமேல் ஒரு நாள் குஞ்சு வேண்டவே வேண்டாம். அந்த மாதங்களில் அடைக்கோழி கிடைத்தால் அடை வையுங்கள், இல்லாவிட்டால் மாசி வரை பொறுங்கள்.